பூட்டி வைத்த ரேட் மெயிலில் வந்தது எப்படி?

கட்டுமான மென்பொருள் பற்றி வாசகர்கள் கேட்பதற்கு இந்தப் பகுதியில் பதில் எழுதுகிறேன். நான் பில்லிங் மேஜையிலிருந்து இந்த வேலைக்கு வந்தவன். அதனால் தொகை வரும் இடங்களில் கொஞ்சம் அதிகம் பேசிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இம்முறை வந்தவை எல்லாமே ரிப்போர்ட்டை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதைச் சுற்றிய கடிதங்கள்.

எங்கள் நிறுவனத்தில் சைட் இன்ஜினியர்களுக்கு பட்ஜெட் பகுதியும் ஒப்பந்தப் பகுதியும் திறக்காது. அவர்கள் லாகினிலேயே போய்ச் சோதித்தோம், மெனுவிலேயே வரவில்லை. ஆனால் திங்கள்தோறும் தானாக மெயிலில் போகும் முன்னேற்ற ரிப்போர்ட்டில் ஒவ்வொரு சப் கான்ட்ராக்டரின் ரேட்டும் அச்சாகி வருகிறது. ஷட்டரிங் (கான்கிரீட்டுக்கு அச்சுப் பலகை கட்டும் வேலை) எடுத்த ஒருவர், இன்னொருவரின் ரேட்டைச் சொல்லிச் சண்டைக்கு வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. மென்பொருளில் பிழையா?
— திட்டக் கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து ஒரு வாசகர்

பிழை இல்லை. மென்பொருள் சொன்னதைச் செய்திருக்கிறது. நீங்கள் பூட்டியது திரையை. ரேட் இருப்பது டேட்டாபேஸில், அதாவது எல்லாத் தரவும் சேமித்திருக்கும் கிடங்கில். ரிப்போர்ட் உங்கள் திரைப் பக்கமே வராமல் நேராக அங்கே போய் எடுத்துக்கொண்டு வருகிறது. வாசல் கதவுக்குப் பெரிய பூட்டு, கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இல்லை என்கிற கதைதான்.

அடுத்து, அந்த ரிப்போர்ட் யாருடைய அதிகாரத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். ஒருவர் லாகின் செய்து ரிப்போர்ட்டைத் திறந்தால், நல்ல மென்பொருள் அவருக்கு என்ன பர்மிஷன் இருக்கிறது என்று பார்த்து, பட்டியலின் வரிகளை வடிகட்டும். தானாகப் போகும் மெயிலுக்கு முன்னால் யாரும் உட்கார்ந்திருப்பதில்லையே! பல மென்பொருள்களில் அது, ரிப்போர்ட்டை உருவாக்கியவரின் அதிகாரத்திலோ, இதற்கென்றே வைத்திருக்கும் ஒரு பொதுக் கணக்கின் அதிகாரத்திலோ ஓடும். உங்கள் ரிப்போர்ட்டை அமைத்தவர் காஸ்ட் பிரிவுக்காரர் என்று பந்தயம் கட்டுவேன். அவருக்குத் தெரிவதெல்லாம் பிடிஎஃப் ஆகி, பெறுநர் பட்டியலில் இருக்கும் அத்தனை பேருக்கும் போகிறது. பெறுபவருக்கு மென்பொருளில் லாகினே இல்லாவிட்டாலும் போகும்.

திட்ட அட்டவணை போடும் மென்பொருளான ப்ரைமவேரா பி6 பழகியவர்களுக்கு ஒன்று ஞாபகம் வரலாம். அதில் திட்டப் பாதுகாப்பு புரொஃபைலில் செலவைப் பார்ப்பதற்கென்று தனி உரிமை உண்டு. அந்த உரிமை இல்லாதவர் அதே அட்டவணையைத் திறந்தால், தொகை வர வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள் வரும். நெடுவரிசை அங்கேயே இருக்கும், எண் இருக்காது. தரவிலேயே பூட்டுவது என்பது இதுதான். ஆனால் அந்த உரிமை உள்ளவர் அதையே அச்சடித்து அனுப்பிவிட்டால் எந்தக் கோடும் காப்பாற்றாது. தாளுக்குப் பர்மிஷன் கிடையாது.

தரவை வரைபடமாகக் காட்டும் மென்பொருளான பவர் பிஐ வைத்து டாஷ்போர்டு செய்யும் நிறுவனங்களுக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. கட்டுமான மென்பொருளிலிருந்து தரவை எடுத்து பவர் பிஐக்குள் இறக்கும்போது, அங்கே நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த பர்மிஷன்கள் கூடவே வருவதில்லை. எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டும். ‘ஒவ்வொருவருக்கும் அவருடைய புராஜெக்ட் வரிகள் மட்டும்’ என்று வரி அளவில் விதி வைக்கலாம்; அந்த வசதி அதில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த விதி ஒர்க்ஸ்பேஸில் (ரிப்போர்ட்டுகளைக் குழுவாகப் பகிரும் இடம்) ‘வியூவர்’ ஆக இருப்பவரைத்தான் கட்டுப்படுத்தும். அட்மின், மெம்பர், கான்ட்ரிபியூட்டர் என்று சேர்க்கப்பட்டவர்களுக்கு விதி பொருந்தாது. எல்லா வரியும் தெரியும். ‘அவசரம், இவரையும் சேர்த்துவிடு’ என்று யாரோ சொல்ல, யாரோ மெம்பராகச் சேர்த்துவிட, விதி காகிதத்தில் மட்டும் இருக்கிறது. இதை நான் ஒரு இடத்தில் மட்டும் பார்க்கவில்லை.

சரி, இப்போது என்ன செய்வது? அந்த ரிப்போர்ட்டை இரண்டாக உடையுங்கள். கட்டுமானத் தளத்துக்குப் போவதில் வேலை, அளவு, சதவீதம், தேதி இருக்கட்டும். தொகை உள்ளது வேறு ரிப்போர்ட், வேறு பட்டியல். உடைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ரேட் நெடுவரிசையை மட்டும் நீக்கிவிட்டு, முடிந்த அளவையும் பில் தொகையையும் விட்டுவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 400 சதுர மீட்டர், அதற்கு இவ்வளவு தொகை என்று இரண்டும் பக்கத்தில் இருந்தால் ஒரு வகுத்தல் போதும், ரேட் வந்துவிடும். மேஸ்திரிக்கு மனக்கணக்கு வராது என்று யாராவது நினைத்தால் அவர் தளத்துக்கே போனதில்லை என்று அர்த்தம்.

பெறுநர் பட்டியலையும் திறந்து பாருங்கள். வேலையை விட்டுப் போனவர், வேறு திட்டத்துக்கு மாறியவர், ‘சைட்-டீம்’ என்ற குழு முகவரிக்குள் யாரும் கவனிக்காமல் உட்கார்ந்திருக்கும் வெளி ஆலோசகர் எல்லாரும் அங்கே இருப்பார்கள். ரிப்போர்ட்டைப் பொது ஃபோல்டரில் சேமிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் பாருங்கள். பிடிஎஃப் அங்கே விழுந்த பிறகு, ரிப்போர்ட்டுக்கு வைத்த கட்டுப்பாடு செல்லாது. ஃபோல்டர் பர்மிஷன்தான் ஆட்சி. கட்டுமானக் கோப்புகளை இணையத்தில் வைக்கும் மென்பொருளான ஆட்டோடெஸ்க் கன்ஸ்ட்ரக்‌ஷன் கிளவுடில் ஃபோல்டர் உரிமையை ஆளுக்கும் கொடுக்கலாம், பொறுப்புக்கும் கொடுக்கலாம், ஒரு நிறுவனம் முழுவதற்கும் கொடுக்கலாம். மேல் ஃபோல்டரில் கொடுத்தது உள்ளே இருப்பவற்றுக்கும் இறங்கும். மேலே ஒரு சப் கான்ட்ராக்டர் நிறுவனத்துக்கு ‘பார்க்கலாம்’ என்று கொடுத்துவிட்டு, மூன்று அடுக்கு கீழே செலவு ரிப்போர்ட்டைப் போட்டு வைத்தால், ஒளித்து வைத்ததாக நாம்தான் நினைத்துக்கொண்டிருப்போம்.

நான் இந்த நிறுவனத்தின் இயக்குநர். எல்லா ரிப்போர்ட்டும் எனக்குத் தெரிய வேண்டும், அட்மின் உரிமை கொடுங்கள் என்றால் எங்கள் சிஸ்டம் பொறுப்பாளர் மறுக்கிறார். என் கம்பெனியில் எனக்கே இல்லையா?
— ஒரு நிர்வாக இயக்குநர்

ஐயா, அவருக்கு ஒரு இன்கிரிமென்ட் போடுங்கள்.

எல்லாவற்றையும் பார்ப்பது வேறு, அட்மின் ஆவது வேறு. உங்களுக்குத் தேவை முதலாவது. அதை அவர் மறுத்திருந்தால் தவறு. நிறுவன அளவில், எல்லாத் திட்டத்துக்கும், படிக்க மட்டும் என்று ஒரு உரிமை கொடுத்தால் ஒரு ரிப்போர்ட்டும் உங்களுக்கு விடுபடாது. அட்மின் உரிமையில் பார்வையோடு அழிப்பதும் மாற்றுவதும், மற்றவர்களுக்கு உரிமை கொடுப்பதும் சேர்ந்து வரும். பில்லை ஒப்புதல் செய்கிறவரே பில்லின் வழித்தடத்தையும் மாற்ற முடிகிற நிலையை எந்த ஆடிட்டரும் விரும்ப மாட்டார். உங்கள் லாகினை உதவியாளர் பயன்படுத்துகிறாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் கடவுச்சொல் திருடுகிறவன் முதலில் தேடுவது இயக்குநர்களின் கணக்கைத்தான்.

வேலைக்கு எது போதுமோ அந்தக் குறைந்தபட்ச உரிமையை மட்டும் கொடுப்பது என்ற கொள்கை புதிதல்ல. ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் கணினித் தகவல் பாதுகாப்பு பற்றி 1975இல் எழுதிய கட்டுரையில் தெளிவாக வைத்த விதிகளில் அது ஒன்று. அதே கட்டுரையில் இன்னொன்றும் உண்டு: வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய, மறுப்பதே இயல்பாக இருக்க வேண்டும். உங்கள் பொறுப்பாளர் அதைப் படித்தவராக இருக்க வேண்டும்.

நான் சிறிய சப் கான்ட்ராக்டர், எலக்ட்ரிக்கல் வேலை. மெயின் கான்ட்ராக்டரின் மென்பொருளில் எனக்கு லாகின் கொடுத்திருக்கிறார்கள். டெய்லி ரிப்போர்ட் போடலாம், போட்டோ ஏற்றலாம். என் பில் எந்த மேஜையில் நிற்கிறது, எதற்காகப் பிடித்தம் செய்தார்கள் என்று பார்க்க ரிப்போர்ட் கேட்டால் ‘வெளியாருக்கு ரிப்போர்ட் பர்மிஷன் கிடையாது’ என்கிறார்கள். இது நியாயமா?
— ஒரு துணை ஒப்பந்ததாரர்

நியாயமில்லை. பெரும்பாலும் கெட்ட எண்ணமும் இல்லை. ரிப்போர்ட் பகுதியைத் திறந்தால் எல்லார் கணக்கும் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் மொத்தமாகச் சாத்திவிட்டார்கள். அதை எப்படிச் சரியாகத் திறப்பது என்று உட்கார்ந்து யோசிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

நீங்கள் கேட்கும் முறையை மாற்றிப் பாருங்கள். ‘ரிப்போர்ட் பர்மிஷன் வேண்டும்’ என்று கேட்காதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதுமே கதவு மூடிக்கொள்ளும். ‘எங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கும் வரிகள் மட்டும்’ என்று கேளுங்கள். என்னென்ன என்று எழுதியே கொடுங்கள்: நாங்கள் கொடுத்த பில், ஒப்புக்கொண்ட அளவு, பிடித்தமும் அதன் காரணமும், ரிடென்ஷன் (ஒவ்வொரு பில்லிலும் பிடித்து வைக்கும் உத்தரவாதத் தொகை) இருப்பு, நாங்கள் கேட்ட ஆர்.எஃப்.ஐ.களில் (எழுத்தில் விளக்கம் கேட்கும் கடிதங்கள்) பதில் வராதவை, எங்கள் பெயரில் இருக்கும் குறைபாட்டுப் பட்டியல். இதில் எதுவும் அவர்களுடைய ரகசியம் இல்லை. பாதி உங்களிடமே காகிதத்தில் இருக்கிறது.

லாகின்வழி முடியவே முடியாது என்றால், உங்கள் நிறுவனத்துக்கென்று வடிகட்டிய ஒரு ரிப்போர்ட்டைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். அமைப்பதற்குச் சில நிமிட வேலை. அப்புறம், அவர்களுக்கு ஒரு லாபமும் சொல்லுங்கள்: பில் பிரிவுக்கு ‘என் பில் எங்கே’ என்று வரும் போன் குறையும். நான் அந்த மேஜையில் இருந்திருக்கிறேன். அந்த ஒரு காரணம் போதும், அவர்களே உங்களுக்காகப் பேசுவார்கள்.

நாங்கள் பயன்படுத்துவது புரோகோர் என்ற கட்டுமான மென்பொருள். அதில் எத்தனை ரோல் (ஒரு பொறுப்புக்கான உரிமைகளின் தொகுப்பு) வைப்பது? எங்களிடம் ஆளுக்கு ஒன்று என்கிற நிலைக்கு வந்துவிட்டது. யாருக்கு எந்த ரிப்போர்ட் தெரியும் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.
— ஒரு மென்பொருள் நிர்வாகி

ஆளைப் பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தால் இங்கேதான் வந்து நிற்கும். பொறுப்பைப் பார்த்து உரிமை கொடுக்கும் முறையை 1992இல் அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டியைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குன்னும் முறைப்படுத்தி எழுதியதே இந்தத் தலைவலியைத் தீர்க்கத்தான். 2004இல் அது அமெரிக்கத் தரநிலையாகவும் ஆனது. ஆள் வருவார், போவார். பில்லிங் இன்ஜினியர் என்ற பொறுப்பு இருக்கும்.

ஒரு தாளை எடுத்து, உங்கள் திட்டத்தில் யார் யார் எதைத் தீர்மானிக்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். தளத்தில் வேலையைப் பதிகிறவர், தரம் பார்க்கிறவர், பாதுகாப்பு அதிகாரி, பில்லிங், திட்டமிடல், புராஜெக்ட் மேனேஜர், கிளையன்ட், கன்சல்டன்ட், சப் கான்ட்ராக்டர், தலைமை அலுவலகக் கணக்கு. அவ்வளவுதான் வரும். பெயர்ப் பலகையில் ‘சீனியர்’ என்று சேர்ந்தால் அதற்குத் தனி ரோல் வேண்டாம். அவர் பார்க்கும் தரவு மாறுகிறதா என்பதுதான் கேள்வி.

நீங்கள் புரோகோர் பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒவ்வொரு டூலுக்கும் (மென்பொருளின் தனித்தனிப் பகுதி) நான்கு படிகள்: ஒன்றும் இல்லை, படிக்க மட்டும், ஸ்டாண்டர்டு, அட்மின். இந்தப் படிகளைச் சேர்த்து டெம்ப்ளேட்டாக வைக்கலாம். அங்கே ஒரு பொறி இருக்கிறது. யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று தெரியவில்லை என்று புகார் வரும். கையில் இருக்கும் சுலபமான வழி, அந்த டூலில் அவரை அட்மின் ஆக்குவது. புகார் தீர்ந்துவிடும். ஆனால் ‘பிரைவேட்’ என்று குறித்து வைத்த ஆர்.எஃப்.ஐ. போன்றவை அட்மின்களுக்கும் அதில் சம்பந்தப்பட்டவர்களுக்கும்தான் தெரியும் என்பது அங்கே ஏற்பாடு. இவரும் இப்போது அட்மின். கிளையன்டோடு நடக்கும் கிளெய்ம் தகராறு பற்றி நீங்கள் பிரைவேட்டாக வைத்தது அவருக்கும் தெரியும். இந்த இடத்தில் அட்மினுக்குப் பதிலாக, தேவையான ஒரு சிறு உரிமையை மட்டும் தனியாகச் சேர்க்க முடிகிறதா என்று பாருங்கள். டெம்ப்ளேட்டில் அதற்கு இடம் இருக்கிறது.

இட மாற்றத்தையும் கவனியுங்கள். ஒருவர் பில்லிங்கிலிருந்து திட்டமிடலுக்கு மாறினால் புது உரிமையை அன்றே கேட்டு வாங்கிக்கொள்வார். பழையதை எடுத்துவிடுங்கள் என்று யாரும் மனு கொடுப்பதில்லை. சில வருஷம் கழித்து நிறுவனத்திலேயே அதிகம் தெரிந்தவர் அவராக இருப்பார். மாற்றல் உத்தரவு போகும் மெயிலில் உங்களையும் சேர்க்கச் சொல்லி மனிதவளப் பிரிவிடம் கேட்டு வையுங்கள். மென்பொருள் செய்யாத வேலை இது.

மொத்தத் தொகை மட்டும் காட்டினால் போதும், தனி விவரம் வெளியே போகாது என்கிறார் எங்கள் மேலாளர். சரிதானா?
— ஒரு குவான்டிட்டி சர்வேயர் (வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுபவர்)

எத்தனை பேரைச் சேர்த்த மொத்தம் என்பதைப் பொறுத்தது. பெயின்டிங் வேலையில் இரண்டே சப் கான்ட்ராக்டர்கள். மொத்தம் எல்லாருக்கும் தெரியும். ஒருவர் தன் தொகையைக் கழித்தால் மீதி அடுத்தவருடையது. மூன்று பேர் இருந்து இருவர் பேசிக்கொண்டாலும் அதே கதை. வெவ்வேறு ஃபில்டர் போட்டு மொத்தம் எடுக்கும் வசதி இருந்தால் இன்னும் சுலபம்: போன வாரம் வரைக்கும், இந்த வாரம் வரைக்கும் என்று இரண்டு மொத்தம் எடுத்து வித்தியாசம் பார்த்தால், இந்த வாரம் பாஸான ஒரே பில் வெளியே வந்துவிடும். அனுமதித்த மொத்தங்களை வைத்தே தனி ஆளின் விவரத்தைப் பிரித்தெடுக்க முடியும் என்று கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டாரதி டென்னிங்கும் அவருடைய சகாக்களும் 1979இலேயே காட்டிவிட்டார்கள். குறைவான ஆட்கள் உள்ள வேலைப் பிரிவுகளை ‘இதர பணிகள்’ என்று ஒன்றாகச் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

விபத்து ரிப்போர்ட்டை எல்லாருக்கும் திறந்து வைத்தால்தான் பாடம் கற்பார்கள் என்று எங்கள் தளத்தில் அப்படியே வைத்திருக்கிறார்கள். காயம் பட்டவர் பெயர், மருத்துவ விவரம் எல்லாம் தெரிகிறது. எனக்குச் சரியாகப் படவில்லை.
— ஒரு பாதுகாப்பு அதிகாரி

எனக்கும் சரியாகப் படவில்லை. பாடம் கற்க வேண்டியது என்ன? சாரத்தில் கைப்பிடி இல்லை, மாலை வெளிச்சம் போதவில்லை, பலகை கட்டாமல் கிடந்தது. இது எல்லாருக்கும் போகட்டும், தகவல் பலகையிலும் ஒட்டுங்கள். யாருக்கு எத்தனை தையல் போட்டார்கள் என்பது உங்களுக்கும், இழப்பீடு பார்க்கிறவருக்கும் போதும். ஒரே பதிவிலிருந்து பெயரும் மருத்துவ நெடுவரிசைகளும் இல்லாத ரிப்போர்ட் ஒன்றை அமைத்து, அதைத் திறந்து விடுங்கள். விளக்கம் எழுதும் பெட்டியில் பெயர் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நெடுவரிசையை மறைக்கும் மென்பொருளுக்கு வாக்கியத்துக்குள் இருக்கும் பெயரை மறைக்கத் தெரியாது. பெயர் ஊருக்கே தெரியும் என்றால், மயிரிழையில் தப்பிய சம்பவங்களை யாரும் பதிய மாட்டார்கள். உங்கள் ரிப்போர்ட் மிகச் சுத்தமாக இருக்கும். அதுதான் ஆபத்து.

எக்செல் டவுன்லோடை மொத்தமாக நிறுத்திவிடலாமா?
— ஒரு வாசகர்

நிறுத்தினால் திரையை போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புவார்கள். அப்போது யார் எதை எடுத்தார் என்ற பதிவுகூட உங்களிடம் இருக்காது. பணத் தரவுக்கு மட்டும் டவுன்லோடைக் குறையுங்கள். அளவும் தேதியும் போகட்டும், தளத்தில் எக்செல் இல்லாமல் வேலை நடக்காது.

ஆனால் எக்செல்லில் மறைப்பதைப் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள். மறைத்த நெடுவரிசையை ரைட் கிளிக் செய்து திறந்துவிடலாம். பிவட் டேபிளை (தரவைச் சுருக்கி மொத்தம் காட்டும் அட்டவணை) வெட்டி அனுப்பினால், அதன் பின்னால் மூலத் தரவின் நகல் கோப்புக்குள்ளேயே போகும். மொத்தத்தின்மேல் இரண்டு முறை தட்டினால் வரி வரியாகப் புது ஷீட்டில் விரியும். 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து காவல்துறை, தகவல் கேட்டு வந்த ஒரு மனுவுக்கு எக்செல் கோப்பாகப் பதில் கொடுத்தது. அதில் மறைந்திருந்த ஷீட்டில் 9,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் விவரம் இருந்தது. அடுத்த ஆண்டு 7,50,000 பவுண்டு அபராதம். வெளியே போவது பிடிஎஃப் ஆகப் போகட்டும்.

இதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? அட்மினாக நான் பார்த்தால் எல்லாமே தெரிகிறது.
— மேலே எழுதிய அதே மென்பொருள் நிர்வாகி

அதனால்தான் அட்மினாகப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு சோதனைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சப் கான்ட்ராக்டர் ரோலுக்கு மட்டும் இரண்டு, வெவ்வேறு நிறுவனத்தின் பெயரில். ஒருவர் மற்றவரின் வரியைப் பார்க்கிறாரா என்று தெரிய இரண்டு வேண்டும். உரிமக் கட்டணம் என்று யோசிப்பீர்கள். பல மென்பொருள்களில் சோதனைச் சூழல் தனியாகக் கிடைக்கும், கேளுங்கள்.

அந்தக் கணக்கில் நுழைந்து ரிப்போர்ட் பெயர் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வெளியே வராதீர்கள். திறந்து, ஃபில்டரை எடுத்துவிட்டு, வேறு திட்டத்தின் பெயரைப் போட்டு, டவுன்லோட் செய்து, எண்ணின்மேல் கிளிக் செய்து உள்ளே போய்ப் பாருங்கள். மொபைல் ஆப்பிலும் ஒருமுறை. அப்புறம் தானாகப் போகும் எல்லா மெயிலின் பட்டியலையும் எடுங்கள்: உருவாக்கியவர் யார், இன்னும் வேலையில் இருக்கிறாரா, யாருக்கெல்லாம் போகிறது. டெம்ப்ளேட்டை மாற்றிய ஒவ்வொரு முறையும், மென்பொருளின் புதுப் பதிப்பு வந்த பிறகும் இதையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். உதவிக்குத் தளத்திலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு, ‘பக்கத்து கான்ட்ராக்டர் ரேட்டைக் கண்டுபிடி பார்க்கலாம்’ என்று விட்டுப் பாருங்கள். உங்களைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்.